கழுத்தைப் பிடிக்கும் இடம்: சில்லுக்காக நடக்கும் சீன–அமெரிக்கப் போட்டி

2023 ஆகஸ்ட் 29 அன்று சீனாவின் ஹுவாவே நிறுவனம் மேட் 60 ப்ரோ என்ற கைப்பேசியை முன்னறிவிப்போ அறிமுக விழாவோ இல்லாமல் தன் இணையக் கடையில் விற்பனைக்கு வைத்தது. அதில் இருக்கும் செயலி எது, அதை யார் தயாரித்தார்கள் என்பது பற்றி நிறுவனம் வாய் திறக்கவில்லை. அந்த நாளில் அமெரிக்க வணிகத்துறை அமைச்சர் ஜினா ரைமண்டோ சீனப் பயணத்தில் இருந்தார். ஹுவாவேக்கு உயர்நிலைச் சில்லுகள் (சிப்) போய்ச் சேராமல் தடுக்கும் ஏற்றுமதி விதிகளை நடைமுறைப்படுத்தியது அவருடைய துறைதான். சில நாள்களில் கனடாவின் டெக்இன்சைட்ஸ் நிறுவனம் கைப்பேசியைப் பிரித்து ஆராய்ந்து, உள்ளே இருப்பது ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்எம்ஐசி நிறுவனம் 7 நானோமீட்டர் முறையில் தயாரித்த கிரின் 9000எஸ் என்ற சில்லு என்று தெரிவித்தது. சீன இணையத்தில் அது வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. வாஷிங்டனில், போட்ட தடையெல்லாம் வீணாகிவிட்டதா என்ற கேள்வி எழுந்தது.

இரண்டுமே அவசரத்தில் வந்த முடிவுகள். 2020 இறுதியில் ஹுவாவே வெளியிட்ட மேட் 40 வரிசையில் இருந்த கிரின் 9000 சில்லு, தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 5 நானோமீட்டர் முறையில் தயாரானது. இந்த எண் குறையக் குறையச் சில்லின் சுற்று நுண்ணியதாகும், தயாரிப்பு முறையும் உயர்ந்ததாகும். அதாவது மூன்று ஆண்டுகள் கழித்து வந்த புதுச் சில்லு, ஹுவாவேயின் பழைய சில்லைவிடவே தயாரிப்பு முறையில் ஒரு படி கீழே இருந்தது. மேட் 60 வந்த அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனம் 3 நானோமீட்டர் சில்லுடன் தன் கைப்பேசியை வெளியிட்டது. ஆனால் 2020இன் சில்லு வெளியாரின் ஆலையில் பிறந்தது. 2023இன் சில்லு சீன ஆலையில் பிறந்தது. தடை வலிக்கவே செய்தது என்பதற்கு அந்த இறக்கம் சான்று; வலித்தவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த இடமாற்றம் சான்று. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுபவர்கள்தான் இந்த விவகாரத்தில் அதிகம்.

சீனாவின் கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவைவிட அதன் சில்லு இறக்குமதிச் செலவு பல ஆண்டுகளாகவே அதிகம். ஆண்டுக்கு 30,000 கோடி டாலருக்கு மேல். உலகின் கைப்பேசிகளையும் கணினிகளையும் பெருமளவு தன் ஆலைகளில் பூட்டி அனுப்பும் நாட்டுக்கு, அவற்றின் மூளையை மட்டும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலை. இந்த நிலை எவ்வளவு ஆபத்தானது என்பது 2018 ஏப்ரலில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் விதிமீறி உபகரணங்கள் அனுப்பிய வழக்கில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் பின்பற்றவில்லை என்று சொல்லி, இசட்டிஇ என்ற சீனத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அமெரிக்க உதிரிபாகங்களை விற்க ஏழு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. சில வாரங்களில் அந்த நிறுவனம் தன் முக்கியமான வணிக நடவடிக்கைகளை நிறுத்திவிட்டதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 100 கோடி டாலர் அபராதம் கட்டி, நிர்வாகத்தையே மாற்றிய பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

அந்த ஆண்டில்தான் 'கழுத்தைப் பிடித்தல்' என்ற சீனச் சொல்வழக்கு அரசியல் சொல்லாக மாறியது. சீன அரசின் அறிவியல் தொழில்நுட்ப நாளிதழ், வெளிநாட்டார் நினைத்தால் நாட்டின் கழுத்தைப் பிடிக்கக்கூடிய 35 தொழில்நுட்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று மறைக்காமல் தொடராக எழுதியது. அதில் முதலாவதாக வந்தது லித்தோகிராஃபி இயந்திரம், அதாவது சிலிக்கான் தட்டின் மேல் ஒளியால் மின்சுற்றை அச்சிடும் கருவி. 2018 டிசம்பரில் ஹுவாவே நிறுவனரின் மகளும் அதன் நிதித் தலைவருமான மெங் வான்சோ அமெரிக்காவின் வேண்டுகோளின்பேரில் கனடாவின் வான்கூவரில் கைதானார். 2019 மே மாதம் ஹுவாவே அமெரிக்க வணிகத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2020இல் விதி மேலும் இறுகி, அமெரிக்கக் கருவியால் செய்த சில்லை உலகின் எந்த ஆலையும் அனுமதியின்றி ஹுவாவேக்கு விற்கக்கூடாது என்றானது. டிஎஸ்எம்சியின் கதவு அடைபட்டது அப்போதுதான். 2020இல் 89,000 கோடி யுவானாக இருந்த ஹுவாவேயின் வருவாய் அடுத்த ஆண்டே 64,000 கோடி யுவான் அளவுக்குச் சரிந்தது.

இத்தகைய அடைப்புகளைச் சீனத் தலைமை ஒரு குறிப்பிட்ட நினைவின் வழியாகவே பார்க்கிறது. 1959 ஜூனில், அணுகுண்டின் மாதிரியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் அதைத் தர முடியாது என்று கடிதம் எழுதியது. அடுத்த ஆண்டு சீனாவில் பணியாற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் வல்லுநர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கைவிடப்பட்ட அந்த ஆண்டையும் மாதத்தையும் மறக்கக்கூடாது என்று, தாங்களே செய்த முதல் குண்டுக்குச் சீனர்கள் '596' என்று குறிப்பெயர் வைத்தார்கள். 1964 அக்டோபர் 16 அன்று அது லோப் நோர் பாலைவெளியில் வெடித்தது. 1967இல் ஹைட்ரஜன் குண்டு, 1970இல் முதல் செயற்கைக்கோள் என்று அடுத்தடுத்து வந்தன. 'இரு குண்டுகள், ஒரு செயற்கைக்கோள்' என்ற தொடரை இன்றும் சீனத் தலைவர்கள் தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது எடுத்துச் சொல்கிறார்கள். நாட்டின் முழு வலிமையையும் ஒரே இலக்கில் குவித்தால் மறுக்கப்பட்ட எதையும் நாமே செய்துவிடலாம் என்பது அந்த நினைவு தரும் நம்பிக்கை. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவின் நிதியைச் சீனாவுடனான கூட்டுறவுக்குச் செலவிடத் தடை விதித்ததும், 2022இல் சீனா தன் சொந்த விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்ததும் இந்த நம்பிக்கைக்கு வலுவூட்டின.

இந்த இடத்தில்தான் நிதானம் தேவை என்று நினைக்கிறேன். குண்டும் சில்லும் ஒரே வகைப் பொருள்கள் அல்ல. குண்டு ஒருமுறை வெடித்துக் காட்டினால் போதும். அதன் விலை என்ன, நூறு செய்தால் எத்தனை தேறும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சில்லு கோடிக்கணக்கில், ஒன்றுபோல் மற்றொன்றாக, வாங்குபவர் ஏற்கும் விலையில் வர வேண்டும். வெறும் சிலிக்கான் தட்டு உயர்நிலைச் சில்லாக மாறுவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99.9 பங்கு பிழையின்றி நடந்தாலும், ஆயிரம் படிகளுக்குப் பிறகு நூற்றுக்கு 37தான் தேறும். ஆகவே ஒவ்வொரு படியிலும் இதைவிடப் பல மடங்கு துல்லியம் வேண்டும். இதை ஆணையிட்டு வரவழைக்க முடியாது. ஆயிரம் படிகளில் ஒவ்வொன்றுக்கும் கருவி செய்பவர், வேதிப்பொருள் தருபவர், பழுது பார்ப்பவர் என்று தனித்தனித் தொழில்கள் பல ஆண்டுகள் உழைத்து வளர்ந்திருக்க வேண்டும்.

லித்தோகிராஃபி இயந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். மிக நுண்ணிய சுற்றுகளை அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள மீப்புற ஊதா ஒளி பயன்படுகிறது. அந்த ஒளியைத் தரும் விளக்கு எதுவும் கிடையாது. உருகிய வெள்ளீயத்தை, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துளிகளாக, நொடிக்கு 50,000 என்ற கணக்கில் வெற்றிடத்துக்குள் பாய்ச்சுகிறார்கள். பறந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு துளியையும் லேசர் இருமுறை தாக்குகிறது. முதல் அடியில் துளி அப்பளம்போல் தட்டையாகிறது. இரண்டாவது அடியில் சூரியனின் மேற்பரப்பைவிடப் பன்மடங்கு வெப்பமான மின்னேற்ற வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக மாறி, தேவையான ஒளியை உமிழ்கிறது. இந்த ஒளியைக் காற்றும் விழுங்கும், கண்ணாடி வில்லையும் விழுங்கும். எனவே வெற்றிடத்தில் ஆடிகளால் எதிரொளித்தே அதைத் தட்டுவரை கொண்டுபோக வேண்டும். அந்த ஆடிகளைச் செய்வது ஜெர்மனியின் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் உள்ள ட்சைஸ் நிறுவனம். ஒரு ஆடியை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினாலும் அதன் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது என்பார்கள். லேசர் ஜெர்மனியின் ட்ரம்ப்ஃப் நிறுவனத்துடையது. ஒளியை உண்டாக்கும் பகுதி அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி இயங்க வைப்பது நெதர்லாந்தின் வெல்தோவன் நகரிலுள்ள ஏஎஸ்எம்எல். உலகில் இதை விற்கும் நிறுவனம் வேறில்லை. ஒரு லட்சம் பாகங்கள், 15 கோடி டாலருக்கு மேல் விலை, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளின் ஆராய்ச்சி.

இந்த இயந்திரங்களில் ஒன்றுகூட இதுவரை சீனாவுக்கு விற்கப்படவில்லை. அமெரிக்க அழுத்தத்தால் 2019 முதல் நெதர்லாந்து அரசு ஏற்றுமதி உரிமம் தரவில்லை. எஸ்எம்ஐசியிடம் இருந்தவை, 193 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் முந்தைய தலைமுறை இயந்திரங்கள். அவற்றைக் கொண்டு ஒரே அடுக்கைப் பலமுறை சிறிது நகர்த்தி நகர்த்தி அச்சிட்டால் 7 நானோமீட்டர் வரை போகலாம்; ஒவ்வொரு முறை கூடும்போதும் நேரமும் செலவும் பிழையும் கூடும். மேட் 60இன் சில்லு பிறந்த வழி இதுதான். தடித்த எழுத்தாணியை வைத்து நுண்ணெழுத்து எழுதியதுபோன்ற அந்த வேலையின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எழுத்தாணி மாறாத வரை எழுத்து இன்னும் எவ்வளவு சிறுக்கும் என்பதற்கு வரம்பு உண்டு.

பணத்துக்குக் குறைவில்லை. 2014இல் தொடங்கிய தேசியச் சில்லு முதலீட்டு நிதியம் முதல் கட்டத்தில் 13,870 கோடி யுவான் திரட்டியது. 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாம் கட்டம் 34,400 கோடி யுவான். 2015இல் வெளியான 'மேட் இன் சைனா 2025' திட்டம், முக்கிய உதிரிபாகங்களில் 70 விழுக்காட்டை 2025க்குள் உள்நாட்டிலேயே செய்வதை இலக்காக வைத்தது. ஆனால் கொட்டிய பணம் சில இடங்களில் வெறும் கட்டடமாகவே நின்றது. வூஹான் நகரில் 2017இல் பெரும் முதலீட்டு அறிவிப்புடன் தொடங்கிய ஹொங்சின் என்ற சில்லு நிறுவனம், ஒரு சில்லைக்கூட விற்காமல் மூன்றே ஆண்டுகளில் நொடித்துப்போனது. அது வாங்கிய ஏஎஸ்எம்எல் இயந்திரம், உற்பத்தியைத் தொடங்கும் முன்பே வங்கியில் அடமானம் வைக்கப்பட்டது. 2022இல் தேசிய நிதியத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களே ஊழல் விசாரணைக்கு உள்ளானார்கள்.

பணத்தால் வராத ஒன்றைத் தடைதான் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. சில்லு ஆலை இரவு பகலாக ஓடும் இடம். ஒரு கருவி தடுமாறினால் பல லட்சம் டாலர் பெறுமானமுள்ள தட்டுகள் குப்பைக்குப் போகும். அப்படிப்பட்ட ஆலையின் மேலாளர், உலகம் முழுவதும் ஓடித் தேறிய அமெரிக்க, ஜப்பானியக் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இன்னும் சோதிக்கப்படாத உள்நாட்டுக் கருவியை ஏன் வாங்கப் போகிறார்? அவர் வாங்காத வரை அந்தக் கருவி சோதிக்கப்படவும் போவதில்லை, திருந்தவும் போவதில்லை. பீஜிங் எத்தனை முறை அறிவுறுத்தியும் இந்த முடிச்சு அவிழவில்லை. 2022 அக்டோபர் 7 அன்று அமெரிக்கா வெளியிட்ட விதிகள் அதை ஒரே வெட்டில் அறுத்தன. உயர்நிலைச் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் மட்டுமல்லாமல், சீன ஆலைகளில் பணியாற்றிய அமெரிக்கக் குடிமக்களின் உழைப்பையும் அவை கட்டுப்படுத்தின. முன்பு எதிரியைவிடச் சில தலைமுறை முன்னால் இருந்தால் போதும் என்று எண்ணினோம், இனி இயன்ற அளவு பெரிய இடைவெளி வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவன் அதற்கு மூன்று வாரம் முன்புதான் பேசியிருந்தார். 2023இல் ஜப்பானும் நெதர்லாந்தும் தங்கள் கருவிகளுக்கு இதேபோன்ற கட்டுப்பாடுகளை விதித்தன. அதன்பிறகு சீன ஆலை மேலாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. பீஜிங்கின் நௌரா, ஷாங்காயின் ஏஎம்இசி போன்ற கருவி நிறுவனங்களுக்கு, அதுவரை அவற்றை ஏறெடுத்தும் பாராத வாடிக்கையாளர்கள் ஒரே சமயத்தில் கிடைத்தார்கள். கருவி கிடைக்காவிட்டால் அவர்களே செய்துகொள்வார்கள், காலம் ஆகும், ஆனால் செய்துவிடுவார்கள் என்று ஏஎஸ்எம்எல்லின் அன்றைய தலைவர் பீட்டர் வெனிங்க் 2023 தொடக்கத்திலேயே சொன்னார். விற்பவரின் ஆதங்கம் அதில் உண்டு. அதனாலேயே அது பொய்யாகிவிடாது.

செயற்கை நுண்ணறிவில் இந்த நெருக்கடி வேறொரு வடிவம் எடுத்தது. 2025 ஜனவரியில் ஹாங்சோ நகரின் டீப்சீக் நிறுவனம் வெளியிட்ட ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்), குறைந்த கணினித்திறனைக் கொண்டே அமெரிக்க மாதிரிகளுக்கு நிகராக நின்றது. அந்த அதிர்ச்சியில், செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் 58,000 கோடி டாலருக்கு மேல் சரிந்தது. ஆயினும் தங்களுக்குப் பணம் சிக்கல் அல்ல, உயர்நிலைச் சில்லுகள் மீதான தடைதான் சிக்கல் என்று அதன் நிறுவனரே அதற்கு முன்பு சொல்லியிருந்தார்.

இதுவரை சொன்னது ஒரு கழுத்து. மறு தரப்புக்கும் கழுத்து உண்டு என்பது 2025இல் உலகுக்குத் தெரிந்தது. மோட்டார்களில் பயன்படும், நியோடிமியம் என்ற அருமண் (ரேர் எர்த்) தனிமம் கலந்த வலிமையான காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்தாரும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்காக இண்டியானா மாநிலத்தில் மேக்னிகுவெஞ்ச் என்ற பிரிவைத் தொடங்கியது. 1995இல் சீன அரசுத் தொடர்புள்ள நிறுவனங்கள் அடங்கிய குழுவுக்கு அதை விற்றுவிட்டது. சில ஆண்டுகளில் இண்டியானா ஆலைகள் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அன்று அதை யாரும் பெரிய இழப்பாகக் கருதவில்லை. அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது அமிலமும் கழிவும் நிறைந்த, லாபம் மெலிந்த தொழில். மேற்கு நாடுகள் அது தொலைந்தால் போதும் என்றிருந்தன. உள் மங்கோலியாவின் பயான் ஓபோ சுரங்கமும், அதன் கழிவு தேங்கிய பாவ்டோவ் நகர்ப்புறமும் அந்த விலையைச் சுமந்தன. இன்று உலகின் அருமண் சுத்திகரிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடக்கிறது.

2025 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்கச் சுங்க வரிக்குப் பதிலடியாக, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் மூடப்பட்டது. ஜப்பானில் சுசூகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தியது. இந்தியாவின் மின் ஸ்கூட்டர் தயாரிப்பாளர்களும் காந்தம் கிடைக்காமல் திணறினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் அருமண் தாது நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்ட ஒன்றுதான் என்றாலும், மணலிலிருந்து காந்தம்வரை செல்லும் ஆலை வரிசை இங்கே பெரிய அளவில் வளரவில்லை. அக்டோபர் 9 அன்று சீனா இன்னும் ஒரு படி போய், வெளிநாட்டில் செய்த பொருளிலும் சீன அருமண் சிறு பங்கு இருந்தால் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. ஹுவாவேக்கு எதிராக 2020இல் அமெரிக்கா வகுத்த விதியின் அச்சு அதில் அப்படியே தெரிந்தது. அதே மாதம் 30ஆம் தேதி தென்கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு, அந்தப் புதிய விதிகள் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் விதிகள் நீங்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் நெக்ஸ்பீரியா விவகாரமும் வெடித்தது. சீனாவின் விங்டெக் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த டச்சுச் சில்லு நிறுவனத்தின் நிர்வாக முடிவுகளைத் தன் பிடிக்குள் கொண்டுவர, நெதர்லாந்து அரசு பனிப்போர்க் காலச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தியது. அந்தச் சில்லுகளுள் பெரும்பகுதி உறையிடப்படுவது சீனாவின் டொங்குவான் நகரில். சீனா அங்கிருந்து ஏற்றுமதியைத் தடுத்ததும், ஐரோப்பாவின் கார் ஆலைகள் சில காசு விலையுள்ள சாதாரணச் சில்லுக்குத் தவித்தன. அடுத்த மாதமே டச்சு அரசு தன் ஆணையை நிறுத்திவைத்தது. எல்லாரும் 3 நானோமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பழைய சில்லின் சந்தையில் சீனா அழுந்தக் கால் ஊன்றியிருப்பதைக் கவனிக்கத் தவறியதன் விளைவு இது.

இந்த இரு கழுத்துகளில் எது முதலில் விடுபடும்? அருமண் என்றுதான் நினைக்கிறேன். அதன் வேதியியல் தெரிந்த ஒன்று. தேவைப்படுவது பணம், பொறுமை, கழிவை ஏற்கும் இடம். 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தும் எம்பி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராகி, அதன் உற்பத்திக்குக் கீழ்வரம்பு விலையையும் உறுதி செய்தது. சந்தையே எல்லாவற்றையும் தீர்மானிக்கட்டும் என்ற நாடு, பீஜிங்கின் வழியில் அரசு முதலீட்டுக்கு வந்திருக்கிறது. அப்படியும் காந்தம் சந்தைக்குத் தாராளமாக வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். சீனாவின் முன்னால் இருப்பது அதைவிட நீண்ட வழி. ஷென்சென் நகரில் மீப்புற ஊதா ஒளியை உண்டாக்கும் சோதனை இயந்திரம் ஒன்று தயாராகியிருப்பதாகவும், ஆனால் அது இன்னும் ஓடும் சில்லு எதையும் தரவில்லை என்றும் 2025 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒளி வந்துவிட்டது என்றால் அடுத்தது ஆடி.

சீனாவில் அந்த ஆடி வேலை நீண்டகாலமாக நடப்பது வடகிழக்கின் சாங்சுன் நகரில் உள்ள ஒளியியல் ஆய்வு நிறுவனத்தில். அதை 1950களில் கட்டியெழுப்பிய வாங் தாஹெங், 'இரு குண்டுகள், ஒரு செயற்கைக்கோள்' பணிக்காகப் பின்னாளில் பதக்கம் பெற்ற 23 அறிவியலாளர்களில் ஒருவர். அன்று குண்டு வெடிப்பைப் படம்பிடிக்க ஒருமுறை சரியாக இயங்கினால் போதுமான கருவிகளை உருவாக்கிய அந்த நிறுவனத்தில், இன்று மாலிப்டினத்தையும் சிலிக்கானையும் மாறி மாறி அடுக்கடுக்காகப் படியவைத்து, அணு அளவுக்கு மேடு பள்ளம் இல்லாத பரப்பை மீண்டும் மீண்டும் ஒரேபோல் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.